நவம்பரில் மலைநடைக்குக் கிளம்பும் தம்பிக்கு

மான்செஸ்டர் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அலுவலகத்தில் நவம்பர் முதல் சனிக்கிழமை எடேல் கிராமத்தில் ரயிலை விட்டு இறங்கி மாம் டோர் குன்றில் ஏறி ஹோப் கிராமத்தில் முடிக்கும் நடைக்குக் கூப்பிடுகிறார்கள், போகலாமா, என்ன போட்டுக்கொள்வது, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகப் போங்கள் தம்பி. சாப்பாட்டுக்கு ரெண்டு சப்பாத்தியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டால் தீர்ந்தது.

உடுப்புதான் முக்கியம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாம் டோர் 517 மீட்டர்தான். ஆனால் முகட்டில் அடிக்கிற காற்றுக்கு உயரக் கணக்கு தெரியாது. ஏறும்போது வியர்க்கும், அப்போதே மேல்சட்டையைக் கழற்றிவிடுங்கள். முகட்டில் இருக்கும் ஹாலின்ஸ் கிராஸைத் தொடுவதற்கு முன்பே திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். வியர்வை ஈரத்தோடு காற்றில் நின்றால் பத்து நிமிஷத்தில் விரல் மரத்து, பை ஜிப்பைக்கூட இழுக்க வராது. மழைக்கோட்டும் பூட்ஸும் பழைய பொருள் விற்கும் சாரிட்டி ஷாப்பில் தேடுங்கள், நல்லதே கிடைக்கும்.

அடுத்தது வெளிச்சம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் போகும் சனிக்கிழமை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். லூஸ் ஹில்லிலிருந்து ஹோப்புக்கு இறங்கும் பாதை சேறும் புல்லுமாக வழுக்கும், அதை இருட்டில் இறங்கக் கூடாது. தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள். போனை நம்பாதீர்கள், குளிரில் சார்ஜ் சரசரவென்று இறங்கும். யாருக்காவது அடிபட்டால் 999 அழைத்து, போலீஸ் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்க மாட்டார்கள்.

கிளம்பும் நேரம் பத்து மணி என்றால் பத்து மணிதான். நம் ஆட்களிடம் எனக்குத் தீராத வருத்தம் இது. கூட்டமாக வருவார்கள், முக்கால் மணி தாமதமாக வருவார்கள், ஸ்பீக்கரில் பாட்டு வைப்பார்கள், ஆட்டுப் பட்டிக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஆடுகள் ஒருவருடைய பிழைப்பு. இன்னும் சிலர் பல வருஷம் இங்கே இருந்தும் வாரக் கடைசியில் சீரியலை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள், கேட்டால் ஊரே பிடிக்கவில்லை என்பார்கள்.

நான் வந்ததும் இலையுதிர் காலத்தில்தான். வாடகை அறை, ஹீட்டர் ராத்திரி ரெண்டு மணி நேரம் மட்டும். திங்கள் காலை வரை பேச ஆளிருக்காது. ஒரு நடைக் குழுவில் சேர்ந்த பிறகுதான் இந்த நாடு எனக்குப் பிடிபட்டது. இதே முகட்டில் ஒரு வயதான அம்மா தன் கம்பளிக் கையுறை ஒரு ஜோடியை என்னிடம் கொடுத்துவிட்டு, எதிரே தெரிந்த கிண்டர் ஸ்கவுட்டைக் காட்டினார். கீழே நோ ஆறு, சரிவெல்லாம் துருநிறத்தில் பெரணி. 1932 ஏப்ரலில் அந்த மலையில் நடக்கும் உரிமைக்காக நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள், ஐந்து பேர் சிறை போனார்கள் என்றார். 1951இல் இந்தப் பீக் டிஸ்ட்ரிக்ட் பகுதிதான் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. அதற்கப்புறம் இங்கே நடக்கும்போது விருந்தாளி என்ற கூச்சம் எனக்கு வந்ததே இல்லை.

சரி, கிளம்பும் முன் ஹோப்பிலிருந்து திரும்பும் ரயில் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.