போகஸ் பிடிப்பதற்குள் ஆள் போய்விடுகிறாரா?

தெருவில் படம் எடுக்கும்போது கேமராவைத் தூக்கி போகஸ் பிடிப்பதற்குள் ஆள் கடந்துவிடுகிறார், கிடைத்த படத்திலும் பின்னால் இருக்கும் சுவர்தான் தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். புது லென்ஸ் யோசனையைத் தள்ளிப்போடுங்கள். உங்கள் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவும், அகலமாகக் காட்டும் 28 மிமீ லென்ஸும் தெருவுக்குத் தாராளம்.

ஆட்டோபோகஸை அணைத்துவிடுங்கள். அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 8; போகஸ் தூரம் இரண்டரை மீட்டர். இப்படி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை இருப்பதெல்லாம் போதிய தெளிவோடு விழும். ஷட்டர் வேகம் 1/500 நொடி இருந்தால் நடப்பவர் அசங்காமல் பதிவாவார். ஐஎஸ்ஓ, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு, ஆட்டோவில் இருக்கட்டும். அது கூடிப் படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும், தெருப் படத்துக்கு அது ஒரு குறையே இல்லை. இருட்டிய பிறகு மட்டும் இந்தக் கணக்கு சரிப்படாது. அபெர்ச்சரைத் திறக்க வேண்டிவரும், தெளிவான பகுதியும் சுருங்கிவிடும்.

அப்புறம், ஆளைத் துரத்தாதீர்கள். வெயில் சாய்வாக விழும் ஓர் இடத்தைப் பார்த்து நின்றுவிடுங்கள், ஆட்கள் தானாக வருவார்கள். எடுத்தவுடன் கேமராவை இறக்காமல் ஆளுக்குப் பின்னால் இருக்கும் இடத்தையே பார்த்தபடி நில்லுங்கள். தாம்தான் குறுக்கே வந்துவிட்டோம் என்று நினைத்துப் பலர் போய்விடுவார்கள். யாராவது அழிக்கச் சொன்னால் உடனே அழித்துவிடுங்கள், அதில் வாதாடுவது எனக்கு உடன்பாடில்லை.