வீடு மாறியதும் முழங்கால் வலி கூடிவிட்டதே!

கேள்வி: திருவையாறு பக்கம் கிராமம். வயது 58. ஆறு வருடமாக முழங்கால் தேய்மானம். தஞ்சாவூரில் மகனின் முதல் மாடி வீட்டுக்கு வந்து 3 வாரம் ஆகிறது. ஊரில் தாங்கிக்கொள்ள முடிந்த வலி இங்கே பாடாய்ப் படுத்துகிறது. திரும்பிப் போய்விடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, வலி கூடியதால் மூட்டு மேலும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஊரில் கொல்லைக்கும் வாசலுக்குமாக அவ்வப்போது நடந்துகொண்டே இருந்திருப்பீர்கள். இங்கே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று படி இறங்க வேண்டியிருக்கும். உட்கார்ந்தே இருந்தால் மூட்டு இறுகும். படி இறங்கும்போதோ உடல் எடையைப் போல 3 மடங்குக்கு மேல் பாரம் முழங்காலில் விழும். புது இடத்தில் தூக்கமும் கெட்டால், அதே வலி இன்னும் கடுமையாகத் தெரியும்.

ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை. ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும், பையை மகன் எடுத்து வரட்டும். தரையில் அரிவாள்மனை வேண்டாம்; நாற்காலியில் உட்கார்ந்து கத்தியால் நறுக்குங்கள். நாற்காலி தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள்.

வேலைக்குப் புது அளவு வேண்டும். அடுப்படியில் எத்தனை நிமிடம் நின்றால் வலி ஏறுகிறது என்று பாருங்கள். 20 நிமிடம் என்றால், 15-லேயே செல்போனில் அலாரம் வைத்து உட்கார்ந்துவிடுங்கள். ஒரு வாரம் சரியாகப் போனால் 2 நிமிடம் கூட்டலாம். பலரும் சறுக்குவது வலி குறைந்த நாளில்தான். பரண் துடைத்து, போர்வையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு இரண்டு நாள் படுத்துவிடுவார்கள். "நேற்று நல்லாத்தானே இருந்தீங்க" என்று வீட்டில் கேட்பதும் அதனால்தான். மருமகளிடம் "முடியல" என்று மட்டும் சொல்லாமல், "காய் நறுக்கித் தர்றேன், மாவுப் பாத்திரம் தூக்க முடியாது" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும். லேசாக வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் தொடரலாம். அடங்காவிட்டால் பாதியாகக் குறையுங்கள். படி இறங்கிப் போவது கஷ்டமென்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதுண்டு. அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். பிரஷர், சுகர் இருந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மூட்டு திடீரென வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

திரும்புவதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். பிறந்து வளர்ந்த தெருவை விட்டு வந்த ஏக்கம் நியாயமானது, அதை அடக்கிக்கொள்ளாதீர்கள். ஊர் வீட்டை விற்காமல், வாடகைக்கும் விடாமல் மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்லுங்கள். இந்த அளவில் நடந்தும் படிதான் தொல்லை என்று தெரிந்தால், மகனிடம் தரைத்தள வீடு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஊருக்குத் திரும்புவதை அதற்கப்புறம் பேசலாம்.