வௌவால் கடித்த மாம்பழம்: நிபா வருமா?

கேள்வி: நிலாவெளியில் எங்கள் வளவு மாமரத்துக்கு இரவில் வௌவால்கள் வருகின்றன. அவை கடித்துப் போட்ட பழங்களைப் பிள்ளைகள் காலையில் பொறுக்கித் தின்கிறார்கள். நிபாவுக்குப் பயந்து மரத்தைத் தறித்துவிடலாமா? பதநீர் குடிக்கலாமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: மரத்தைத் தறிக்காதீர்கள். இலங்கையில் மனிதருக்கு நிபா வைரஸ் நோய் வந்ததாக இதுவரை பதிவில்லை. ஆனால் இந்தியாவில் இந்த வைரசைச் சுமக்கும் அதே பழந்தின்னி வௌவால் இனம் நம் மரங்களிலும் தொங்குகிறது. அதனால் கடிபட்ட பழம் பிள்ளைகளின் கைக்குப் போகவே கூடாது.

மலேசியாவில் 1998-99இல் பன்றிக்கூடுகளை ஒட்டியே மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்த பழம் கூட்டுக்குள் விழுந்தது. பன்றிக்கும், பன்றியிலிருந்து மனிதருக்கும் தொற்றி 105 பேர் இறந்தார்கள். கடித்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்னும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது போதாது. எச்சிலும் சிறுநீரும் பழத்தின் மற்றப் பக்கத்திலும் பட்டிருக்கும். பல்லுத்தடமோ நகக்கீறலோ கண்டால் முழுப் பழத்தையும் குழியில் போட்டு மூடுங்கள். ஆடு, மாட்டுக்கும் போடாதீர்கள். முழுதாக உள்ள பழத்தைக் கழுவி, தோல் சீவித் தின்னலாம். பழம் பொறுக்கிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவவேண்டும்.

பதநீர் விடயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். வங்கதேசத்தில் ஈச்சஞ்சாறு வடியும் இடத்தை வௌவால் நக்குகிறது, முட்டிக்குள் சிறுநீர் விழுகிறது. அந்தப் பச்சைச் சாற்றைக் குடித்தே அங்கு பலருக்கு நோய் வந்தது. புளித்த கள்ளாலும் தொற்றியிருக்கிறது. ஆகவே புளிப்பை நம்பாதீர்கள். பனையிலும் பாளையோடு சேர்த்து முட்டி வாயை மூங்கில் தட்டியாலோ நெருக்கமான வலையாலோ மூடிக் கட்டச் சொல்லுங்கள். இடைவெளி விட்டால் வௌவால் பக்கவாட்டால் வாய் வைக்கும். பதநீரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

கேள்வி: தொற்றினால் எப்படித் தெரியும்?

பதில்: பெரும்பாலும் 4 முதல் 14 நாளில் காய்ச்சல், தலையிடி, வாந்தி. பிறகு மயக்கம், குழப்பம், வலிப்பு. சிலருக்கு ஓரிரு நாளில் நினைவே தப்பிவிடும். தொற்றியவர்களில் 40 முதல் 75 வீதம் பேர் இறக்கிறார்கள். அனுமதி பெற்ற தடுப்பூசியோ தனி மருந்தோ இல்லை. 2018இல் கேரளத்தில் பெரும்பாலும் வைத்தியசாலைக்குள்ளேயே, நோயாளியின் அருகில் இருந்தவர்களுக்குப் பரவியது. ஆகவே காய்ச்சலோடு குழப்பம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வௌவால் கடித்த பழம், பச்சைப் பதநீர், கேரளப் பயணம் ஏதும் இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள். கூட இருப்பவர் முகக்கவசமும் கையுறையும் போடவேண்டும்.