அண்ணனுக்கு வந்ததும் தம்பிக்கு வந்ததும் ஒரே புற்றா?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. ஆண்குறி மொட்டில் காலிஃபிளவர் மாதிரி வளர்ந்திருந்ததை வெட்கப்பட்டு ஒரு வருஷம் மறைத்துவிட்டார். பயாப்சியில் ‘வெருக்கஸ் கார்சினோமா’ என்று வந்திருக்கிறது. அவருடைய பெரியப்பா மகனுக்கும் அதே இடத்தில்தான் புற்று. ஒன்றரை வருஷத்தில் போய்விட்டார். இவருக்கும் அப்படித்தானா? எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? (பெயர் வேண்டாம்)

பதில்: இடம் ஒன்றுதான் அம்மா, நோய் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆண்குறிப் புற்றில் நூற்றுக்குச் சுமார் 95 தோலின் செதிள் செல்களில்தான் தொடங்குகிறது. ஆனால் அதற்குள்ளேயே பல வகை.

வெருக்கஸ் என்றால் மரு போன்றது. பூசணிக்காய் மண்ணை அழுத்திக்கொண்டு கிடக்குமே, அதுபோல அடித்தோலை அமுக்கியபடி மெதுவாகப் பருக்கும். கலப்பில்லாத வெருக்கஸ் நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) பரவுவதில்லை என்றே சொல்லலாம். மிச்சம் வைத்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும், அவ்வளவுதான். பேசலாய்டு வகையோ அருகம்புல் மாதிரி அடியில் ஓடும். அது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டிவிடுகிறது. சார்கோமட்டாய்டு அரிது, எல்லாவற்றிலும் பொல்லாதது. பெரும்பாலோருக்கு வரும் சாதாரண வகை, வெருக்கஸுக்கும் இந்தப் பொல்லாத வகைகளுக்கும் நடுவில். அண்ணனுக்கு எது வந்தது என்று அவருடைய பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்காக இப்போதே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பயாப்சியில் எடுத்தது மேலாகக் கிள்ளிய ஒரு துணுக்கு. மேலே வெருக்கஸ், அடியில் சாதாரண வகை என்று கலந்திருப்பதுண்டு. அந்தக் கலப்பு பரவக்கூடியது. ஆபரேஷனில் எடுத்த முழுக் கட்டியையும் பரிசோதித்து வரும் ரிப்போர்ட்டே கடைசி வார்த்தை. அதில் கிரேடு (செல்கள் எவ்வளவு தூரம் உருமாறியிருக்கின்றன என்ற அளவு) என்ன, எவ்வளவு ஆழம், ரத்தக்குழாயிலோ நரம்பிலோ புகுந்திருக்கிறதா, வெட்டிய ஓரம் சுத்தமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வகையைவிட ஆயுளைத் தீர்மானிப்பது தொடை இடுக்குதான். அங்கே பரவாத நிலையில் பிடித்தால், பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேர் 5 ஆண்டைத் தாண்டுகிறார்கள். நெறியைத் துளைத்து வெளியே வந்தாலோ இடுப்புக்குள் ஏறினாலோ நிலைமை தலைகீழ். கையில் ஒன்றும் தட்டுப்படாதவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு உள்ளே நுணுக்கமாகப் பரவியிருக்கலாம். அதனால்தான் கிரேடு கூடியவர்களுக்கு நெறியை முன்கூட்டியே எடுத்துப் பார்க்கிறோம். ஏற்கெனவே நெறி தட்டுப்பட்டால் ஊசியால் குத்திச் செல்களை எடுத்துச் சோதிக்க வேண்டும். ‘ஆன்டிபயாடிக் சாப்பிட்டுப் பார்ப்போம்’ என்று வாரக்கணக்கில் இழுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஆபரேஷன் என்றதும் உறுப்பே போய்விடும் என்று அவர் பயந்திருப்பார். அவர் ஒரு வருஷம் மறைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முன்பெல்லாம் கட்டியைச் சுற்றி 2 சென்டிமீட்டர் சேர்த்து வெட்டினோம். இப்போது சில மில்லிமீட்டரே போதும் என்று தெரிந்துவிட்டது. மொட்டை மட்டும் எடுத்துவிட்டுத் தொடைத்தோலை ஒட்டிச் சரிசெய்த பலர் நின்றுகொண்டே சிறுநீர் கழிக்கிறார்கள், தாம்பத்தியமும் தொடர்கிறது.

புற்றுநோய் உங்களுக்கு ஒட்டாது. உடலுறவில் பரவி, பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றையும் உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி வைரஸ் பேசலாய்டு, வார்ட்டி போன்ற வகைகளோடு தொடர்புள்ளது. வெருக்கஸுக்கு அந்தத் தொடர்பில்லை. ஆனாலும் இதுவரை கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்யவில்லை என்றால் இந்தச் சாக்கிலாவது செய்துகொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பின் முதல் இரண்டு ஆண்டு 3 மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். குளிக்கும்போது இரண்டு தொடை இடுக்கையும் விரலால் அழுத்தித் தடவிப் பார்க்க அவருக்குப் பழக்குங்கள்; புளியங்கொட்டை அளவு புதிதாகத் தட்டுப்பட்டாலும் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது.