செருப்பு எங்கே கழன்றது?

கேள்வி: எனக்கு வயது 41. போன வருடம் ஆவணியில் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1 என்று வந்தது. அன்றிலிருந்து சோறு, இட்லி, மைதா, இனிப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். 9 கிலோ குறைந்து இப்போது 6.3-ல் இருக்கிறேன். வீட்டில் பிரச்சினை இல்லை, விசேஷங்களில்தான் சித்திரவதை. “ஒரு நாள்ல என்ன ஆயிடும்”, “இப்படி இளைச்சுப் போயிட்டியே” என்று ஆளாளுக்குத் திணிக்கிறார்கள். சர்க்கரை என்று யாரிடமும் சொல்லவில்லை. டயட் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அம்மாவிடமும். போன மாதம் அக்கா மகளின் தெரட்டிச் சீர் (மஞ்சள் நீராட்டு). பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் இலையில் இருந்த ஒப்புட்டில் (போளி) பாதியைப் பிய்த்து என் இலையில் வைத்துவிட்டார். வந்த கோபத்தில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. அவருக்கே 12 வருடமாகச் சர்க்கரை. அதே மாத்திரையை மாதாமாதம் நானே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். ஆனாலும் உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாத வெகுளி. அன்றைக்குக்கூட மண்டப வாசலில் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் கார் வரைக்கும் நடந்து வந்தார், எல்லோரும் சிரித்தோம். இவருக்கு எப்படிப் புரியவைப்பது? தை மாதம் சித்தப்பா மகன் கல்யாணம் வருகிறது. அதில் எப்படித் தப்பிப்பது?
- வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதிய முழுக் கடிதத்தில் அந்த அரை ஒப்புட்டுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். செருப்புக்கு ஒரே ஒரு வரி, அதுவும் சிரிப்போடு. விசேஷத்தில் டயட்டைக் காப்பாற்றுவது எப்படி என்று மாதத்துக்கு நாலு கடிதமாவது வருகிறது. பதிலை மனப்பாடமாகவே சொல்லிவிடலாம். உங்கள் கடிதத்தை அப்படி ஒதுக்க முடியவில்லை. தம்பி, பந்தியை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் செருப்புக்கு வாருங்கள்.

மண்டப வாசலிலிருந்து கார் எவ்வளவு தூரம்? முப்பது எட்டா, அறுபது எட்டா? கீழே சிமெண்டுத் தரையா, ஜல்லியா? பந்தி முடிந்து கிளம்பினீர்கள் என்றால் உச்சிவெயில் நேரம். உங்கள் கால் செருப்பு கழன்றால் அடுத்த எட்டிலேயே நின்றுவிடுவீர்கள். தரை சுடும், கல் குத்தும், ஒரு கால் ஏறி ஒரு கால் இறங்கும். உங்கள் அம்மா நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அங்கே சிரித்தவர்களில் ஒருவர்கூடவா யோசிக்கவில்லை?

அது வெகுளித்தனம் இல்லை. அந்தக் காலுக்குத் தரை தெரியவில்லை. வருடக்கணக்கில் ஏறிக் கிடக்கிற சர்க்கரை நரம்பைக் கெடுக்கும்போது, நீளமான நரம்பில்தான் முதலில் கைவைக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. முதலில் எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, அப்புறம் மரப்பு. சிலருக்கு எரிச்சலே இல்லாமல் நேராக மரப்புக்குப் போய்விடும். “நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா? கழன்றது தெரிகிறதா?” என்பது சர்க்கரை வைத்தியம் பார்க்கிறவர்கள் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளில் ஒன்று. அவர்கள் கேட்கிற கேள்விக்கு, யாரும் கேட்காமலே நீங்கள் பதில் எழுதி, அதைத் தமாஷ் என்று எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் இருக்கிறது. என் அத்தை ஒருமுறை கோயிலிலிருந்து வேறு யாருடைய செருப்பையோ போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஒன்று அவளுடையது, இன்னொன்று ஓர் அளவு சின்னது, நிறமும் வேறு. நாங்களும் சிரித்தோம். அன்று யார் அதிகம் சிரித்தது என்று கேட்டால் நான் என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த வருடம் மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவளின் ஈரக் கால்தடம், நடையிலிருந்து அடுப்படி வரைக்கும், வலது பக்கம் மட்டும் சிவப்பாக இருந்தது. பேத்தி பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியும். குதிகாலில் கண்ணாடிச் சில்லு. எத்தனை நாளாக உள்ளே இருந்ததோ. அந்தப் புண் ஆறவில்லை, காலில் பாதியை எடுத்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

இப்போது உங்கள் கடிதத்திலேயே இன்னொன்றைப் பாருங்கள். உங்களுடைய 8.1 தெரிகிறது, 6.3 தெரிகிறது, குறைந்த 9 கிலோ தெரிகிறது. அம்மாவின் எண் எங்கே? முழுக் கடிதத்தில் ஓர் இடத்திலும் இல்லை. உங்களுக்கு வந்து ஒன்றேகால் வருடம், அதற்குள் எல்லாம் விரல்நுனியில். அவருக்கு வந்து 12 வருடம். உங்களுக்குத் தெரிந்தது மாத்திரை அட்டையின் நிறம் மட்டும். மெடிக்கல்காரரிடம் பழைய சீட்டை நீட்டி அதே மாத்திரையை வாங்கிப் போடுவதற்குப் பெயர் வைத்தியம் இல்லை, சாமான் வாங்குவது. 12 வருடத்துக்கு முன்னால் எழுதிய அளவு இன்றைக்கும் போதுமா என்று யார் பார்த்தார்கள்? சர்க்கரை வருடம் ஆக ஆக மாறுகிற வியாதி. அந்த மாத்திரை மெட்ஃபார்மினாக இருந்தால் இன்னொரு சங்கதியும் உண்டு: பல வருடம் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 சத்து குறையலாம், அதுவும் கால் மரப்புக்கு ஒரு காரணம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பிள்ளை தன் உடம்பைப் பார்த்துக்கொள்வதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நாற்பது வயதில் எத்தனை பேருக்கு உங்கள் கட்டுப்பாடு வரும்? ஆனால் ஒரே வீட்டில், ஒரே வியாதிக்கு, மகனுக்கு ஒரு வைத்தியம் தாய்க்கு ஒரு வைத்தியம் நடக்கிறது. இதை நான் பாரபட்சம் என்றுதான் சொல்வேன். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்வது மாதாமாதம் ஒரு அட்டை மாத்திரையோடு முடிந்துவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளை எனக்கு நிறையத் தெரியும். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் ஒழுங்காக மாத்திரை வாங்குகிறவர்கள்தான்.

சரி, ஒப்புட்டு. அம்மா முழுசாக ஒன்றைக் கேட்டு வாங்கி உங்களுக்குப் போடச் சொல்லவில்லை. தன்னுடையதில் பாதி. நெய் தொட்ட விரலோடு பிய்த்து, பக்கத்து இலையில். உங்களுக்கு அதில் எதிரி தெரிந்தது. எனக்குத் தெரிவது வேறு. மகன் காரணம் சொல்லாமல் ஒன்பது கிலோ இளைத்து நிற்கிறான். மண்டபத்தில் பார்க்கிறவர்கள் எல்லாம் உங்களிடம் ஒருமுறை கேட்டால் அவரிடம் மூன்று முறை கேட்பார்கள், “பையனுக்கு என்னங்க உடம்புக்கு?” என்று. அவரிடம் பதில் இல்லை. ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. சர்க்கரையோடு 12 வருடம் குடித்தனம் நடத்துகிற ஒரு மனுஷியிடமிருந்து சர்க்கரையை மறைத்திருக்கிறீர்கள். எதற்கு? அவர் பயந்துவிடுவார் என்றா? அவர் ஏற்கெனவே பயந்துதான் பாதி ஒப்புட்டை உங்கள் இலைக்கு நகர்த்தினார்.

மிச்சப் பாதியை அவர் சாப்பிட்டிருப்பாரே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள்.

அப்புறம், அன்றைக்கு நீங்கள் தாய்மாமன். சீர் கொண்டுபோனவர். தாய்மாமன் பாதிப் பந்தியில் இலையை மூடிவிட்டு எழுந்தால் பார்க்கிற நாலு பேர் என்ன நினைப்பார்கள், உங்கள் அக்கா அன்று சாயங்காலம் எத்தனை பேருக்குச் சமாதானம் சொல்லியிருப்பார் என்பதையும் யோசியுங்கள். ஒப்புட்டு இலையில் அப்படியே கிடந்திருந்தால் உங்கள் 6.3 ஒரு புள்ளி ஏறியிருக்காது. இலையில் இருப்பது ரத்தத்தில் ஏறாது, தம்பி.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். உங்கள் பாதித் தொல்லைக்கு ‘டயட்’ என்ற அந்த வார்த்தையே காரணம். டயட் என்றால் நம் ஊரில் அழகுக்கு, ஸ்டைலுக்கு என்று அர்த்தம். அதைக் கலைத்துப் பார்ப்பது உறவுக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு. “சுகர் இருக்குதுங்க அத்தை” என்று ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நீட்டிய கரண்டி தானாகப் பின்னால் போகும். அந்த அத்தையே அடுத்த இலைக்காரரிடம் தன் சர்க்கரைக் கதையை ஆரம்பித்துவிடுவார், உங்களை மறந்துவிடுவார்கள். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை இருக்கிறது என்றது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

பந்தியில், பரிமாறுகிறவர் குனிவதற்கு முன்னாலேயே சொல்லவேண்டும்: “தம்பி, இந்த இலைக்கு இனிப்பு வேண்டாம்.” விழுந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. விழுந்துவிட்டால் தொடாமல் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுங்கள். நம் கல்யாண இலையில் உங்களுக்கு ஆகாதது சோறும் இனிப்பும் அப்பளமும் உருளைக்கிழங்கும்தான். பொரியல், கூட்டு, அவியல் எல்லாம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கலாம். கேட்டு வாங்குகிறவனைப் பார்த்து யாரும் ‘சாப்பிடவே இல்லை’ என்று சொல்லமாட்டார்கள். காய், பருப்பை முதலில் முடித்துவிட்டுச் சோற்றைக் கடைசிக்குத் தள்ளினாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரை குறைகிறது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ரசத்தைக் குடியுங்கள், மோரைக் குடியுங்கள்.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா என்று எழுதவில்லை. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு, முகூர்த்தம் தள்ளிப்போய், பந்திக்கு இடம் கிடைக்காமல், கிடைத்த பிறகும் சோற்றைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்தால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அப்போது அந்த ஒப்புட்டுதான் உங்களைக் காப்பாற்றவேண்டியிருக்கும். சோற்றை நிறுத்தியதற்கு ஏற்ற மாதிரி மாத்திரை அளவைக் குறைக்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டீர்களா?

உங்கள் சாப்பாட்டுக்கு இவ்வளவு போதும். மீதி அம்மாவுக்கு.

இன்றைக்குச் சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் கீழே உட்கார்ந்து, இரண்டு பாதத்தையும் மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். வெளிச்சத்தில். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, தோல் தடித்த இடம், கொப்புளம், நிறம் மாறிய நகம். கூச்சமாக இருக்கும். இருக்கட்டும். புண் ஏதாவது கண்ணில் பட்டால் விடிந்ததும் ஆஸ்பத்திரி. கை வைத்தியம் கூடாது. மரத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடமும் கூடவே கூடாது. சூடு தெரியாத கால் வெந்தாலும் சொல்லாது. இத்தனையும் பார்க்கும்போதே உங்கள் சர்க்கரையைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். கால் மடியில் இருக்கும்போது அவர் எழுந்து போகவும் முடியாது.

புண் இல்லாவிட்டாலும் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பாதத்தில் ஒரு மெல்லிய நைலான் இழையை வைத்து அழுத்தி, தெரிகிறதா என்று கேட்பார்கள். இசைக்கவையை அதிரவைத்து எலும்பில் வைப்பார்கள். ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது. சர்க்கரைக்காரர்களுக்கு வருடம் ஒருமுறை நடக்கவேண்டிய சோதனை இது. உங்கள் அம்மாவுக்குப் 12 வருடத்தில் எத்தனை தடவை நடந்திருக்கிறது? கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் கூடவே. பணம் ஒரு சாக்கு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்குத் தனியாகவே பார்க்கிறார்கள். 2021-லிருந்து அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. திரும்பும் வழியில் பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் வைத்தது) ஒரு ஜோடி வாங்குங்கள், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள இன்னொன்று. வீட்டுக்குள் செருப்பா என்று அவர் முகம் சுளிப்பார். அங்கே வேண்டுமானால் உங்கள் பிடிவாதத்தைக் காட்டுங்கள்.

தைக் கல்யாணத்தில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள். இரண்டு இலைக்கும் சேர்த்து, “இனிப்பு வேண்டாம்” என்று நீங்களே சொல்லுங்கள். அவர் ஒரு விள்ளல் கேட்டால் கொடுத்துவிடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். மண்டபத்துக்குள் எல்லோரும் வெறுங்காலோடு நடக்கும்போது அவர் மட்டும் செருப்போடு நடக்கட்டும்; கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியது உங்கள் வேலை.

அதற்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒப்புட்டைப் பற்றி வேண்டாம். அம்மாவின் மூன்று மாதச் சராசரி எவ்வளவு, இழை வைத்துப் பார்த்ததில் எந்த விரலில் தெரிந்தது, எந்த விரலில் தெரியவில்லை. அதை மட்டும் எழுதினால் போதும்.