மரம் ஏறுவது ஒரு வேலையா என்று கேட்கும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

தாவரவியல் முடித்த பையன், வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொன்னால், கயிறு கட்டி மரமேறிக் கிளை கழிக்கும் வேலைதான் வேண்டும் என்று வேதாளம் மாதிரி மறுபடி மறுபடி மரத்துக்கே போகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வேதாளம் ஏறியது முருங்கை, பட்டென்று முறிகிற மரம். உங்கள் பையன் ஏறக் கற்பதற்கு முன் எந்த மரம், கிளை பிரிகிற எந்தக் கவை ஆளைத் தாங்கும் என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அவன் படித்த படிப்பு அங்கே கைகொடுக்கும்.

இது வெட்டி வேலை இல்லை, வெட்டுகிற வேலைதான் என்றாலும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் நம் சென்னைத் தெருக்கள் கிடந்த கிடப்பை மறந்திருக்க மாட்டீர்கள். அடுக்குமாடி வளாகங்களிலும் கல்லூரிகளிலும் மழைக்கு முன் கிளை கழிக்க ஆள் தேடுகிறார்கள். பெரும்பாலும் யாராவது அரிவாளோடு ஏறி, தூங்குமூஞ்சி மரத்தை மொட்டையடித்துவிட்டு இறங்குகிறார். மரத்துக்கும் கேடு, ஏறியவர் உயிருக்கும் ஆபத்து.

பையன் சொல்லும் ஒற்றைக் கயிறு முறை வேறு மாதிரி. மெல்லிய நூலில் கட்டிய சிறு எடைப் பையைக் கவைக்கு மேலே எறிந்து, அந்த நூலால் ஏறுகயிற்றை இழுத்துப் போடுவார்கள். ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டால் கயிறு அசையாது. பாதத்திலும் முழங்காலிலும் மாட்டிய, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் அசென்டர் என்ற ஏறும் கருவிகளால் ஆள் மாடிப்படி ஏறுவது போல ஏறலாம். கைக்கு அவ்வளவு வேலை இல்லை. ஆனால் இப்படிக் கட்டினால் மேலே கவை மீது ஆள் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் விழும். 70 கிலோ பையன் என்றால் 140 கிலோ. அதனால் ஏறுவதற்கு முன் கீழேயே இரண்டு பேர் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்ப்பார்கள்.

ஒரு மாணவனுக்காக இந்தப் பயிற்சியைப் பார்க்கப் போன இடத்தில், ஆசைப்பட்டு நானும் இடுப்பையும் தொடையையும் பிடிக்கும் ஹார்னஸ் பட்டையை மாட்டிக்கொண்டேன். பத்தடி வரை ஜோராக ஏறினேன். அப்புறம்தான் சிக்கல். அசென்டரின் பற்கள் மேல்நோக்கி மட்டுமே நகரும், நம் எடை அதில் இருக்கும்வரை கீழே வராது. இறங்கும் கருவிக்கு எடையை மாற்ற எனக்குத் தெரியவில்லை. தொடைப்பட்டை அறுக்க, தொங்கிக்கொண்டே முழித்தேன். நல்லவேளை, பயிற்சியாளர் அடிமரக் கட்டிலேயே ஒரு இறக்கும் கருவியை வைத்திருந்தார். கீழிருந்தபடியே என்னை மெல்ல இறக்கிவிட்டார். அப்படி ஒருவர் கீழே இல்லாமல் உங்கள் பையன் ஏறவே கூடாது.

கயிற்றின் இரண்டு பக்கமும் எடையைப் பங்குபோடும் இரட்டைக் கயிற்று முறையில் பழகியவர்கள், கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் அதே உராய்வு முடிச்சை மட்டும் நம்பி ஒற்றைக் கயிற்றில் இறங்கப் பார்ப்பதுண்டு. முழு எடையும் முடிச்சிலேயே விழுவதால் அது இறுகிக் கடித்துக்கொள்ளும். உராய்வைப் பங்குபோட ரோப் ரெஞ்ச் போன்ற ஒரு கருவி வேண்டும். இதையெல்லாம் வீடியோ பார்த்துக் கற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் தரச்சான்று இல்லாத காரபினரை, அதாவது கயிற்றை மாட்டும் கொக்கியை, வாங்கித் தரவும் வேண்டாம்.

முதல் சில மாதங்கள் தரையாளாக இருக்கட்டும். கயிறு சுற்றுவது, விழும் கிளையை ஒதுக்குவது, மின்கம்பி எங்கே போகிறது என்று பார்ப்பது. அப்புறம் இரண்டடி உயரத்தில் தொங்கியபடி ஏறும் கருவியிலிருந்து இறங்கும் கருவிக்கு மாறிப் பழகட்டும். ரம்பத்தைத் தொடுவதெல்லாம் பிறகு. அதைத் தொடும்போதும் ஏறுகயிறு போக, லேன்யார்ட் என்ற குட்டைக் கயிற்றால் மரத்தோடு இன்னொரு பிடி இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஏ. என்ற சர்வதேச மரப் பராமரிப்பு அமைப்பின் ஆர்பரிஸ்ட் (மரப் பராமரிப்பு வல்லுநர்) சான்றிதழ்த் தேர்வுக்குப் பொதுவாக மூன்று வருட அனுபவம் கேட்பார்கள். அவசரப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மாதச் சம்பளத்தோடு இந்த வேலை சென்னையில் இன்னும் அபூர்வம்தான். கூப்பிட்டால் போகிற ஒப்பந்த வேலை, அதுவும் மழைக்கு முன்தான் அதிகம். அதனால் வங்கித் தேர்வுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கட்டும். கயிற்றுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுங்கள். உயரத்தில் செய்யும் வேலைக்கும் அது பொருந்துமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.