அரசு வழக்குகளில் மின்னணுச் சான்றைத் தயாரிக்கும் பணி எப்படி இருக்கும்?

கணினி படித்தவருக்கு இந்தப் பணியில் என்ன வேலை, சட்டமும் படித்திருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி நேரம், ஒரு கோப்பு மாறவே இல்லை என்று நிரூபிப்பதில்தான் போகும்.

கண்காணிப்புக் கேமராவின் வட்டு ஒன்று வருகிறது என்று வையுங்கள். ஆவலில் அதை அப்படியே கணினியில் செருகித் திறந்துவிடக் கூடாது. எதையும் எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் கருவி வழியாக இணைத்து, பிட்டுக்குப் பிட்டு நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீட்டைக் கணக்கிட வேண்டும். எஸ்ஹெச்ஏ-256 முறையில் அது 64 குறிகள் கொண்ட ஒரே வரி. பதிவில் ஒரு பிட் மாறினாலும் வரி முழுதும் வேறாகிவிடும். இரண்டு வரிகளையும் ஒப்பிடும் அந்த நிமிடம் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும்.

அடுத்தது சான்றிதழ். மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்ய, இந்தியச் சான்றுச் சட்டத்தின் 65-பி பிரிவு கேட்ட சான்றிதழ் கட்டாயம் என்று 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் புதிய சான்றுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு இருக்கிறது. சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஒரு பகுதியில் நிபுணர் கையொப்பமிட வேண்டும்.

என் அனுபவத்தில் சட்டப் பட்டத்தைவிட முக்கியம், வட்டு யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்ற பதிவேட்டைச் சோம்பலில்லாமல் எழுதும் பழக்கம். அதில் ஒரு வரி விட்டுப்போனால், பாதிக்கப்பட்டவரின் உண்மையான சான்றே குறுக்கு விசாரணையில் ஆட்டம் காணும்.

விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையால் ஒரு கோப்பின் ஹாஷைக் கணக்கிட்டு, ஓர் எழுத்தை மாற்றி மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள்.